முழங்கால் வலிக்கு வீட்டுப் பயிற்சி: "செய்தும் குறையவில்லை" என்பவர்களிடம் பார்த்தவை

வைகைக்கரை (இயன்முறை மருத்துவர்)

"யூடியூப் பார்த்து ஒரு மாதமா செய்யறேன், வலி அப்படியேதான் இருக்கு" என்று வருபவர்களிடம், செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். தேர்ந்தெடுத்த பயிற்சி பெரும்பாலும் சரியானதுதான். செய்கிற விதமும் அளவும்தான் பிசகியிருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் வரும் தேய்மான வலியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் துண்டுப் பயிற்சி. கெட்டியான கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலுக்குப் பின்பக்கக் குழியில் ஒரு கைத்துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டை நசுக்குவது போல முழங்காலைக் கீழே அழுத்தி 5 நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். 10 தடவை, காலையும் மாலையும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருப்பதால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் வலியும் வீக்கமும் உள்ள மூட்டில், முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. தசை வேலை செய்யாமல் மெலிகிறது, மெலிந்ததால் மூட்டின் மேல் பாரம் கூடுகிறது. அந்தத் தசையை மறுபடி எழுப்புவது இந்தப் பயிற்சிதான்.

பிசகு எங்கே என்றால், தொடையை விட்டுவிட்டுப் புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குவார்கள். உள்ளங்கையை முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை மேலே வைத்துப் பாருங்கள். அந்த இடம் கெட்டிப்பட வேண்டும், சில்லு தொடைப் பக்கமாகச் சற்று ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் தசை வேலை செய்யவில்லை. இன்னொன்று, மூச்சடக்குவது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது.

அடுத்தது காலை நேராகத் தூக்குவது. மல்லாந்து படுத்து, தூக்காத காலை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றுங்கள். அதை மடக்காமல் செய்வதால்தான் பலருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. தூக்க வேண்டிய காலில் முதலில் தொடையை இறுக்கி, பிறகு ஒரு அடி உயரம் மட்டும் தூக்கி 5 நொடி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். தூக்கும்போது முழங்கால் சற்றே மடங்கினால் தசைக்கு இன்னும் வலு வரவில்லை என்று பொருள். வம்படியாகத் தூக்காமல் துண்டுப் பயிற்சியை இரண்டு வாரம் தொடர்ந்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

முல்லைப்பந்தல் (வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்)

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். இரவு முழுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் மடங்கியே கிடக்கும் மூட்டு, பிறகு முழுதாக நீளாது. கொஞ்சம் மடங்கிய காலோடு நின்றால் முன்தொடைத் தசை ஓயவே முடியாது, சீக்கிரம் களைத்துவிடும். மாற்று வழி: பகலில் இரண்டு தடவை, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும்படி 5 நிமிடம் விடுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

ஒத்தடம் பற்றியும் குழப்பம் உண்டு. காலையில் விறைப்பாக இருந்தால், பயிற்சிக்கு முன் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பயிற்சிக்குப் பின் மூட்டு வீங்கினால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு இரண்டிலுமே கவனம் தேவை. சூட்டை வீட்டில் வேறொருவர் கையில் தொட்டுப் பார்த்த பிறகே வைக்கணும்.

பச்சைமலை (வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவர்)

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. நடமாட முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீடுகளுக்குள் போனால்தான் தெரிகிறது, பயிற்சிக்குச் சரியான நாற்காலியே பல இடங்களில் இல்லை. முழங்கால் வலிக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொல்ல முடியும் என்றால் என் தேர்வு உட்கார்ந்து எழுவதுதான். கழிப்பறையிலும் பேருந்திலும் அன்றாடம் தேவைப்படுவது அந்த அசைவு. பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும், அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் பகுதி ஏறக்குறைய 17, 18 அங்குலம் இருக்கணும். வலி அதிகமானால் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உயரம் கூடக்கூட முழங்கால் மடங்குவது குறையும், வலியும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பு வீதம் எடுத்துக்கொண்டே வரலாம்.

நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழுங்கள். சாயாமல் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பவர்களுக்குத்தான் பாரம் முழுக்க முழங்காலில் விழுகிறது. முழங்கால்கள் ஒன்றை ஒன்று நோக்கிச் சரியக் கூடாது, இரண்டாவது கால் விரலின் நேர்கோட்டில் நிற்கணும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். தசைக்கு வலு சேர்ப்பதில் அந்த இறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 8 தடவை, ஓய்வு, மறுபடி 8.

முன்னேற்றத்தை அளக்கவும் இதே நாற்காலி போதும். 17 அங்குல இருக்கை, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 14க்கும் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் அது பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. மாதம் ஒருமுறை எண்ணிக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

தென்றல்68

அம்மாவுக்குச் சமதளத்தில் நடக்கும்போது வலி இல்லை, படி இறங்கும்போது மட்டும் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது. இதே பயிற்சிகள் போதுமா?

வைகைக்கரை

போதும், கூடவே இடுப்பின் பக்கவாட்டுத் தசையையும் சேருங்கள். அது தளர்ந்திருந்தால் படியிறங்கும்போது தொடை உள்பக்கம் திரும்பி, சில்லு தன் தடத்திலிருந்து ஒதுங்கி உரசும். வலிக்கிற கால் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேல்காலை நேராக ஒரு அடி தூக்கி இறக்கணும், 10 தடவை. கட்டைவிரல் கூரையைப் பார்த்தால் வேலை இடுப்பின் முன்பக்கத் தசைக்குப் போய்விடும். பாதம் நேராக முன்னே பார்க்கணும், குதிகால் உடலின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கணும். சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டிப் படுத்தால் இது தானாக அமைந்துவிடும்.

பச்சைமலை

எவ்வளவு வலியோடு செய்யலாம் என்பதில்தான் நிறையப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3, 4 வரை போனாலும், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடியே இருந்தாலோ வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். வலி இல்லாத நாளில் இரட்டிப்பாகச் செய்து, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதும் அடிக்கடி பார்க்கும் ஒன்று.

10 தடவை சுலபமாகிவிட்டால் பாரம் கூட்டணும். பழைய காலுறையில் அரைக் கிலோ மணலைக் கட்டி, கணுக்காலில் சுற்றிக்கொண்டு காலைத் தூக்கலாம். வலு சேர்க்கும் பயிற்சிகளுக்கு வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். துண்டுப் பயிற்சி தினமும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஒண்ணும் ஆகலையே" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம், அதுதான் வருத்தம். உடல் எடை கூடியவர்கள் கவனிக்க: ஒரு கிலோ குறைத்தால், நடையில் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது.

முல்லைப்பந்தல்

பயிற்சியைத் தொடங்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்த பிறகு கால் ஊன்றவே முடியாவிட்டால், ஒரு காலின் ஆடுதசை மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும். முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீளாமல் நின்றாலும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

கைத்தடி விஷயத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே தவறு. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்கணும், வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போகணும். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் வரணும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். கைப்பிடிக் கம்பி இருக்கிற பக்கம் ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும்.