மீன் வயிற்றில் ரப்பர் புழு: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

தக்கை:

மீன் கழுவும்போது இரைப்பையைக் கீறிப் பார்ப்பது என் பழக்கம். அது எதைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை எந்த நிற இரை, எந்த அளவில் கட்டலாம் என்று முடிவு செய்யலாம். பொடி மீன், நண்டு, பூச்சி எல்லாம் வரும். அவற்றோடு, தூண்டிலில் கோக்கும் செயற்கை இரையான ரப்பர் புழுவும் வருவது இப்போது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

கடைசியாகப் பார்த்தது பாஸ் என்ற நன்னீர் மீன். தலை பெரிதாக இருந்தது, முதுகில் சதையே இல்லை. ஆனால் வயிறு மட்டும் புடைத்திருந்தது. சினை என்று நினைத்துத்தான் கீறினேன். உள்ளே இரண்டு ரப்பர் புழு, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இரண்டும் வெளுத்து, ஊதிப்போய், பாக்கெட்டில் இருக்கும் பருமனைவிடத் தடித்திருந்தன. கொக்கி இல்லை, தூண்டில் நரம்பின் (இழையின்) துண்டும் இல்லை. யாரோ கழற்றிப் போட்டதைத் தானாகவே தின்றிருக்கிறது.

கேள்விப்பட்டதை விட்டுவிடுங்கள். கழுவும்போதோ, தண்ணீருக்கு அடியிலோ, கரையிலோ நீங்களே பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எந்த மாதிரி இரை, எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நீர்மூழ்கி:

நான் தூண்டில் போடுவதில்லை. முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு ஏரியில் நீந்துவேன், அவ்வளவுதான். ஆனால் உங்கள் இரைகளைப் பொறுக்குவதில் நல்ல அனுபவம் உண்டு.

எங்கே கிடக்கும் என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். படகுத் துறையின் கால்களைச் சுற்றி, சரிந்து விழுந்த மரத்தின் கிளைகளுக்குள், கரைப் பாறை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில். மீன் ஒதுங்கும் இடம் எதுவோ அதுதான் தூண்டில்காரர் குறிவைக்கும் இடம், அதுவேதான் குப்பை சேரும் இடமும். வெட்டவெளி மணலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதாவது, மீன் தேடித் திரியும் அதே பத்தடிக்குள் இவையும் கிடக்கின்றன.

கவனித்த இன்னொரு விஷயம். கிளையில் சிக்கி அறுந்தது என்றால் கொக்கியும் நரம்பும் கூடவே இருக்க வேண்டும். நான் எடுப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் ரப்பர்தான். தலைப்பக்கம் கிழிந்திருக்கும், அல்லது நடுவில் பிளந்திருக்கும். மீன் இழுத்துக் கழற்றியவை, கிழிந்துவிட்டதே என்று மனிதர்கள் உருவிப் போட்டவை. சிக்கினால் என்ன செய்வது என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை சிக்குவது சின்னப் பங்குதான்.

கனடாவின் ஒன்டாரியோவில் சார்ல்ஸ்டன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் இதே மாதிரி மூச்சுக்குழலோடு நீந்திக் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 80 ரப்பர் இரை வரை சேரும் இடங்கள் இருந்தன. பல வகை இரைகளைக் குளிர்ந்த தண்ணீரிலும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் இரண்டு ஆண்டு ஊறவைத்துப் பார்த்ததும் அதே ஆய்வில்தான். மட்கியதற்கான அறிகுறி பெரிதாக இல்லை, ஊதின, அவ்வளவே. தக்கை அண்ணன் சொன்ன அந்த ஊதிய புழு இதனால்தான்.

வெட்டுப்பலகை:

ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனில் பார்த்திருக்கிறேன். வால் மட்டும் உள்ள சின்னத் துண்டு, குடல் ஆரம்பிக்கும் இடத்தில் சரியாக அடைத்துக்கொண்டிருந்தது. இரைப்பையில் வேறு உணவே இல்லை. மீன் கிடைத்தது ஜிக்கில் (எடைத் தலை வைத்த கொக்கி), அதாவது பசி இருந்திருக்கிறது.

வார்ப்புக்காரர்:

நான் வீட்டிலேயே அச்சில் ஊற்றி இரை செய்கிறவன். அதனால் இது எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏன் ஊதுகிறது என்பதும் அதில் வந்துவிடும்.

ரப்பர் புழு என்கிறோமே, அதில் ரப்பர் கிடையாது. பிளாஸ்டிசால் என்ற பால் போன்ற திரவம், அதாவது பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் கலக்கிவைத்தது. 175 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கண்ணாடி போலத் தெளியும். நிறமும் மினுக்கும் சேர்த்து அச்சில் ஊற்றினால் ஆறியதும் புழு தயார். 1949-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் நிக் க்ரீம் என்பவர் உருவாக்கிய பிளாஸ்டிக் புழுவிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. பிவிசி மட்டும் என்றால் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பாக இருக்கும். வால் நெளிய வேண்டுமென்றால் எண்ணெயைக் கூட்டத்தான் வேண்டும். அந்த எண்ணெயாகப் பல காலம் பயன்பட்டவை தாலேட் வகைகள். அவற்றில் சில உயிரினங்களின் ஹார்மோனில் கைவைப்பவை. இந்த எண்ணெய் பிவிசியோடு ஒட்டிப் பிணைவதில்லை, இடையில் தங்கியிருக்கிறது. அதனால் மெல்ல மெல்ல வெளியே கசியும். பழைய பாக்கெட்டின் அடியில் பிசுபிசுப்பாக இருக்கிறதே, அதில் வாசனைக்குச் சேர்த்த எண்ணெயோடு இதுவும் உண்டு. தாலேட் இல்லாத பிளாஸ்டிசால் இப்போது கிடைக்கிறது, நான் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அதுவும் மட்காது.

உப்பு விஷயம் தனி. எடைக்காகவும் சுவைக்காகவும் பொடி உப்பை நிறையச் சேர்ப்பார்கள். எடைக்குண்டு கட்டாமலேயே தூரம் போகும், ஆடிக்கொண்டே மூழ்கும். மீனும் வாயில் சற்று நேரம் வைத்திருக்கும் என்கிறார்கள். ஆனால் உப்பு கூடக் கூட பிளாஸ்டிக்கின் பிடிப்பு குறையும், ஒரு மீன் கடித்தாலே இரண்டாகப் போகும். அதிகம் மீன் பிடிக்கும் இரைதான் அதிகம் கிழிகிறது. அதே இரையை நடுவில் குத்தி இரு முனையும் தொங்க விடும் வாக்கி முறையில் கட்டினால், வீசும் வேகத்திலேயே கழன்று பறக்கும். அப்புறம் தண்ணீரில் கிடக்கும்போது உப்பு கரைந்து தண்ணீர் உள்ளே போகும், புழு பருக்கும்.

கிழிந்தவற்றை நான் சேர்த்துவைத்து உருக்கி மறுபடி ஊற்றுகிறேன். எல்லா நிறமும் கலந்து கடைசியில் ஒரு அழுக்குப் பழுப்புதான் வரும். மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதுவும் ஒரு நல்ல நிறம்தான். செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: திறந்த வெளியில் செய்யுங்கள். பதம் தாண்டிக் கருகினால் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும், தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். சமையல் பாத்திரம் வேண்டாம். துண்டுகளில் ஈரம் இருந்தால் கொதித்துத் தெறிக்கும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் போதும். கரையில் தீமூட்டி அதில் போடுவது மட்டும் கூடவே கூடாது.

சந்தேகி:

எல்லாம் சரி. ஆனால் ஊதிப் பெரிதாக்குகிறோமோ என்று ஒரு எண்ணம். நீர்மூழ்கி சொன்ன அதே சார்ல்ஸ்டன் ஏரி ஆய்வில், பிடித்துப் பார்த்த மீன்களில் எத்தனை ரப்பர் விழுங்கியிருந்தன? லேக் ட்ரவுட்டில் 2.2 சதவீதம், ஸ்மால்மவுத் பாஸில் 3.4 சதவீதம். கரையில் அவ்வளவு கிடந்தும் வயிற்றில் இவ்வளவுதான்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-இல் ரப்பர் இரைகளையே தடை செய்ய ஒரு மசோதா வந்தது. கடைசியில் அதை ஆய்வு செய்யச் சொல்லி மீன்வளத் துறையிடம் கொடுத்தார்கள். துறையும் தடை வேண்டாம், தூண்டில்காரர்களுக்கு எடுத்துச் சொல்வோம் என்ற பக்கம்தான் நின்றது. கண்ணால் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள், நானும் எழுதுகிறேன். நான் கழுவிய மீன்களில் இதுவரை ஒன்றிலும் ரப்பர் பார்த்ததில்லை. ஆனால் கைவிட்ட நரம்பில் காலும் இறக்கையும் சிக்கிய பறவையைப் பார்த்திருக்கிறேன். ஈயக்குண்டை விழுங்கிச் சாகும் நீர்ப்பறவைகளைப் பற்றி வலுவான சான்றுகள் உண்டு. முதலில் அதைப் பேசலாமே?

தக்கை:

பேசலாம், யார் வேண்டாம் என்றது? நரம்பை எடுத்துவரும் அதே பைக்குள் புழுவையும் போட்டால் முடிந்தது, இதில் முதல் இரண்டாவது என்ன இருக்கிறது.

3 சதவீதம் குறைவுதான். ஆனால் அது பிடிபட்ட மீன்களில் எண்ணியது. வயிறு அடைத்து இரை எடுப்பதையே நிறுத்திய மீன் நம் தூண்டிலுக்கு வராது, நாம் கழுவிப் பார்க்கும் கணக்கிலும் வராது. அந்த ஏரியிலேயே தூண்டில்காரர்களைக் கேட்டபோது, லேக் ட்ரவுட் கழுவும்போது ஒரு முறையாவது ரப்பர் கண்டதாகச் சொன்னவர்கள் 17.9 சதவீதம்.

வெட்டுப்பலகை:

மெய்னில் இன்னொரு வேலையும் நடந்தது. 2009-இல் வெளிவந்த ஆய்வு. தொட்டியில் 38 ப்ரூக் ட்ரவுட்டை வைத்து வழக்கமான தீவனமும் கொடுத்து, கூடவே ரப்பர் இரைகளையும் போட்டுவைத்தார்கள். தீவனம் இருக்கும்போதே போய் ரப்பரைத் தின்றன. 90 நாளில் 63 சதவீத மீன்கள் குறைந்தது ஒன்றையாவது தின்றிருந்தன. தின்றவற்றில் பல எடை குறைந்தன, தீவனத்தைத் தொடாமல் ஒதுங்கின.

தொட்டி வேறு, ஏரி வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஏரியில் மீனின் மூக்கு முன்னால் யாரும் கொண்டுபோய்ப் போடுவதில்லை. ஆனால் ‘மீனுக்குத் தெரியும், தின்னாது’ என்று கரையில் நின்று சொல்பவர்களுக்கு இந்தப் பதில் போதும். உப்பும் பூண்டு வாசனையும் கலந்து, மீன் துப்பக் கூடாது என்றே செய்யும் பொருளை மீன் ஏன் துப்பும்?

படகுக்காரர்:

நான் ஆட்களைப் படகில் அழைத்துப்போய் மீன் பிடிக்க வைப்பவன். வருபவர்கள் கெட்டவர்கள் இல்லை. மீன் அடுத்தடுத்துக் கடிக்கும் நேரத்தில் புழு கிழிந்தால், கை தன் போக்கில் அதை உருவித் தண்ணீரில் விட்டுவிட்டுப் பெட்டிக்குள் போகிறது. அறிவுரை சொல்லிப் பார்த்தேன், ம்ஹும். அப்புறம் ஒவ்வொரு இருக்கைக்குப் பக்கத்திலும் அகல வாய் டப்பா ஒன்றைக் கட்டினேன், மூடி இல்லாமல். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எல்லோரும் போடுகிறார்கள். இரண்டடி தள்ளி வைத்தால் யாரும் போடுவதில்லை. மூடி இருந்தாலும் போடுவதில்லை.

அதோடு, பிவிசி இல்லாத இழுவை ரகத்துக்கு மாறிவிட்டேன். தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் என்பார்கள், ரப்பர் பேண்டு போல இழுபடும். ஒரே இரை பல மீன்களைத் தாங்குகிறது, குப்பையும் குறைகிறது. குறையும் உண்டு. அது மிதக்கும், கழன்றால் காற்றோடு கரை சேரும், அங்கே பறவைகள் கொத்தி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதாரணப் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் இளகி ஒட்டிக் கூழாகிவிடும், தனியாக வையுங்கள்.

ஈரக்கால்:

மட்கும் இரை பற்றி யாருமே எழுதவில்லையே? நான் பயன்படுத்துகிறேன். தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, வாசனை தூக்கலாக இருக்கும், மீனும் நன்றாகவே எடுக்கிறது. கொக்கியிலேயே விட்டுவிட்டு மதியம் சாப்பிட உட்கார்ந்தால் காய்ந்து கல்லாகிவிடும், கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து கசியும் தண்ணீரின் நாற்றம் சட்டையில் பட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

என் உறுத்தல் வேறு. ‘மட்கும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு என் கூட்டாளி தைரியமாகத் தண்ணீரில் வீசுகிறான். முன்பு பிளாஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன்தான். மட்கும் என்றால் எங்கே, எத்தனை நாளில்? சூடான உரக்குழியில் மட்குவது குளிர்ந்த ஏரியின் அடியில் அதே வேகத்தில் மட்காது. அதற்குள் மீன் தின்றால் வயிற்றில் இடத்தை அடைப்பது இதுவும்தான்.

வார்ப்புக்காரர்:

கிழிவதைக் குறைக்கச் சில வழிகள். வாக்கி முறைக்குப் புழுவின் நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, கொக்கியை வளையத்தில் கோருங்கள், புழுவில் குத்தாதீர்கள். ஜிக் ஹெட் என்றால் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். இழுவை ரகத்துக்கு அது அவ்வளவாக ஒட்டாது, அதற்குத் திருகுக் கம்பி வைத்த கொக்கிதான் சரி. பிளந்த பிவிசி புழுவை லைட்டர் சூட்டில் லேசாக இளக்கி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், கருக விடாதீர்கள். தலை கிழிந்தால் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுச் சின்ன ஜிக்கில் கட்டுங்கள், மீன் அதைத்தான் அதிகம் எடுக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

சந்தேகி:

வளையம் நல்ல யோசனை, போட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். பிடித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடப்போகும் மீனின் தொண்டைக்குள் வேறொருவர் விட்ட புழுவின் வால் தெரிந்தால் இழுக்கலாமா?

தக்கை:

வால் தெளிவாகத் தெரிந்தால் நீள மூக்குக் குறடால் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். செவுள் பக்கம் குறடு படக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள், முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்துச் செய்யுங்கள். நான் எடுத்தவை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. இழுக்கும்போது தடுத்தால் உள்ளே கொக்கி இருக்கலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம், நரம்பு தெரிந்தால் ஒட்ட வெட்டிவிட்டு மீனை விட்டுவிடுங்கள். எடுத்ததன் படம் இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்து இங்கே போடுங்கள்.