கோலின்எஸ்டரேஸ் குறையவே இல்லை, ஆனால் அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றன – அவசர உதவி

மலைக்காற்று:
பூச்சிமருந்துத் தெளிப்பை மூச்சில் இழுத்த விலங்குகள். வாயில் நுரை, தசைத் துடிப்பு, கண்மணிச் சுருக்கம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இத்தகைய மருந்து முடக்கும் கோலின்எஸ்டரேஸ் நொதியை, அது வேலை செய்தால் மஞ்சள் நிறம் தரும் எல்மன் முறையில் பார்த்தால், நோயுற்றவற்றுக்கும் நலமானவற்றுக்கும் 412 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் மஞ்சள் நிறம் வருவதே அரிதாக இருக்கிறது. நாளை அறிக்கை தர வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகன்:
எந்த விலங்கு? எந்த மருந்து? இரத்தத்தில் எந்தப் பகுதி? மூன்றும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கன்னங்குறிச்சி:
மஞ்சள் நிறம் தரும் டிடிஎன்பி கரைசல் கெட்டிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் அதுதான் காரணம். ஒரு துளி சிஸ்டீன் விட்டுப் பாருங்கள், உடனே மஞ்சளாக வேண்டும். தாங்கல் கரைசலின் பிஎச் 8 தானா என்றும் பாருங்கள்.

பழைய மாணவன்:
நொதியைத் தற்காலிகமாக மட்டும் பிடிக்கும் கார்பமேட் வகை மருந்தாக இருந்தால்? நீர்த்து, நேரம் கழித்து அளந்தால் நொதி மீண்டுவிடும். அளவு இயல்பாகத்தான் காட்டும்.

முதுநிலை ஆய்வர்:
தம்பி, எல்மன் இந்த முறையை வெளியிட்டது 1961-இல். அதன் அடிப்படையைப் படிக்காமல் குப்பியைக் கையில் எடுக்கிறீர்கள். எந்த மாதிரி என்றுகூட எழுதாமல் அவசரம் என்றால் என்ன பொருள்?

அஸ்தம்பட்டி வாசகன்:
ஐயா, அவருக்கு இன்று இரவு விடை வேண்டும். பாடம் பிறகு நடத்தலாம்.

மலைக்காற்று:
ஆடுகள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கீழே மேய்ந்தவை. தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு அடித்த குளோர்பைரிபாஸ் என்ற மருந்து. எடுத்தது சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்.

முதுநிலை ஆய்வர்:
சீரமா? ஆட்டில் அங்கே தேடக் கூடாது. ஆடு, மாடு, செம்மறி ஆகியவற்றின் இரத்தத்தில் இந்த நொதி பெரும்பாலும் சிவப்பணுச் சவ்வில்தான் இருக்கிறது. சீரத்தில் மிகக் குறைவு. உறையாத முழு இரத்தத்தை எடுத்து, அணுக்களைச் சிதைத்து, நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். ஹீமோகுளோபினும் 412-க்கு அருகே ஒளியை உறிஞ்சும். அதனால் நொதி சிதைக்கும் பொருளான அசிட்டைல்தயோகோலின் சேர்க்காத வெற்றுக் கரைசல் கட்டாயம். இடைஞ்சல் அதிகமானால் 436-இல் அளக்கலாம்.

கன்னங்குறிச்சி:
டிடிஎன்பியையும் மாற்றிவிடுங்கள்.

பழைய மாணவன்:
மூச்சு வழியே போனதென்றால் நரம்பு நச்சான சாரின் போலத்தானே? எலிகளில் செய்த சோதனைகளைப் பார்த்தாலே போதும், ஆடு வேண்டியதில்லை.

முதுநிலை ஆய்வர்:
எலியை நம்பி ஆட்டுக்கும் மனிதருக்கும் கணக்குப் போடாதீர்கள். எலியின் இரத்தப் பிளாஸ்மாவில் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற வேறொரு நொதி நிறைய இருக்கிறது. சாரினையும் அதைப் போன்ற சோமனையும் அது வழியிலேயே பிடித்துக்கொள்ளும். மனிதப் பிளாஸ்மாவில் அந்தக் காவல் இல்லை. நரம்பு நச்சு ஆய்வில், அந்த நொதி குறைவாக உள்ள கினிப்பன்றியைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

பழைய மாணவன்:
கினிப்பன்றியிலும் கோலின்எஸ்டரேஸ் மூளையில் குறைவதும் இரத்தத்தில் குறைவதும் ஒரே அளவில் இருக்காதே. அப்படியானால் எதை நம்புவது?

முதுநிலை ஆய்வர்:
அதனால்தான் இரண்டையும் அளக்கிறார்கள். மேலும் குளோர்பைரிபாஸ் உடலுக்குள் ஆக்சான் என்ற வடிவமாக மாறிய பிறகுதான் நொதியைப் பிடிக்கும். சாரினுக்கு அந்த மாற்றம் தேவையில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஓமலூர் கால்நடை:
விவாதம் இருக்கட்டும். ஆடுகள் உயிரோடு இருக்கின்றனவா? அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரை அழைத்து, அறிகுறிகளை அடக்கும் அட்ரோபின் போடச் சொல்லுங்கள். நொதியை மீட்கும் பிராலிடாக்சிம் கிடைத்தால் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். நச்சோடு பிணைந்த நொதி முதிர்ந்துவிட்டால், அதாவது பிணைப்பு நிலைத்துவிட்டால், அந்த மருந்தால் மீட்க முடியாது. சோமனில் அது சில நிமிடங்களில் நடந்துவிடும், சாரினில் சில மணி நேரம் ஆகும்.

மலைக்காற்று:
மருத்துவர் வந்து அட்ரோபின் போட்டுவிட்டார். சிவப்பணுவில் அளந்தோம். நோயுற்றவற்றில் பாதிக்கும் கீழே. மிக்க நன்றி.

ஓமலூர் கால்நடை:
நல்லது. மருந்து அடித்த தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். மனிதரில் சீரம், சிவப்பணு இரண்டுமே பயன்படும். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால், அடுத்த தெளிப்புக்கு முன்பே ஒவ்வொருவரின் இயல்பு அளவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.