ஓப்பன் வாட்டர் கோர்ஸ்: விலை குறைவாகச் சொல்லும் கடையில் முன்பணம் கட்டலாமா?

நித்யா_மதுரை:
டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங்கில் (காற்று டேங்குடன் கடலுக்கடியில் போவது) முதல்நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு கடைகளில் விலை கேட்டேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். குறைவாகச் சொன்ன இடத்தில், "இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை. ஒரே நாளில் முடித்துவிடலாம், சர்டிபிகேட் உறுதி" என்கிறார்கள். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. அதைச் சொன்னதற்கு, "மருத்துவ ஃபார்மில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று பதில் வந்தது. கட்டலாமா?

உப்புக்காற்று:
கட்டாதீர்கள். ஓப்பன் வாட்டர் என்றால் கடலில் நான்கு டைவ். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி அந்த நான்கையும் ஒரே நாளில் முடிக்கக் கூடாது, குறைந்தது இரண்டு நாள் வேண்டும். அதற்கு முன்னால் தியரி, தேர்வு, குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ பயிற்சி. 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இதையெல்லாம் செய்து காட்டினால்தான் சர்டிபிகேட் கார்டு. பார்க்காமலே "உறுதி" என்று எந்தப் பயிற்றுநரும் சொல்ல முடியாது.

ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்றால் விற்பது வேறு சரக்கு. பெரும்பாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அறிமுக டைவ். அதிகபட்சம் 12 மீட்டர், அதற்கு ஓப்பன் வாட்டர் கார்டு கிடைக்காது. இல்லையென்றால் 'ஸ்கூபா டைவர்' என்ற அரைப்படி கார்டு. பெயரைக் கேட்டால் முழு கோர்ஸ் மாதிரி இருக்கும். ஆனால் அதில் கடலில் இரண்டே டைவ்தான். 12 மீட்டருக்குக் கீழே போக முடியாது, எப்போதும் பயிற்றுநரோ டைவ் மாஸ்டரோ கூடவே வர வேண்டும். ஓப்பன் வாட்டர் கார்டு இருந்தால் துணை டைவருடன் 18 மீட்டர் வரை நீங்களே போகலாம். எந்தக் கார்டு என்று பெயர் சொல்லி, எழுத்தில் கேளுங்கள்.

டேங்க்_செல்வம்:
நான் டைவ் கடையில் வேலை பார்த்தவன். கொஞ்சம் பொறுங்கள். "ஒரே நாள்" என்று சொன்னது கடையா, நடுவில் இருக்கும் ஏஜென்டா? கமிஷனுக்காக ஏஜென்ட் அளக்கும் கதை பல நேரம் கடைக்காரர் காதுக்கே போவதில்லை. குறைந்த விலை என்றாலே மோசடி என்பதும் தப்பு. சொந்தப் படகு வைத்திருப்பவருக்கும் வாடகைப் படகில் போகிறவருக்கும் செலவு ஒன்றல்ல. மாஸ்க், போட்டோ, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கோர்ஸ் விற்பதைப் பலர் ஏமாற்று என்கிறார்கள். சிறிய கடைகள் அதை வைத்துத்தான் சம்பளமே கொடுக்கின்றன.

உப்புக்காற்று:
செல்வம் அண்ணா, விற்கட்டும். மொத்த விலையை மறைத்து விற்பதைத்தான் சொல்கிறேன். முதலில் ஒரு தொகை, போய் இறங்கினதும் இ-லேர்னிங் தனி, கார்டு கட்டணம் தனி, ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), பிசிடி (மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) வாடகை தனி. தீவுக்குப் போய்ச் சேர்ந்தவர் பணத்தைக் கட்டாமல் திரும்பியா வருவார்?

அந்த ஃபார்ம் விஷயம் பணத்தைவிடப் பெரியது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி ஒரு பக்கம் காற்று அடைபட்டால் நுரையீரல் கிழியலாம். அதற்காகத்தான் ஆஸ்துமா பற்றிக் கேட்கிறார்கள். பொய்யாக 'இல்லை' போடச் சொன்ன கடை, வேறு எதில் நல்ல கடையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

டேங்க்_செல்வம்:
ஃபார்ம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். நல்ல கடை அதை முன்பணத்துக்கு முன்பே அனுப்பும். காலையில் படகு கிளம்பும்போது நீட்டினால், உண்மையைச் சொல்கிறவருக்கு டைவும் போகும், கட்டிய பணமும் போகும். பொய் சொல்ல வைப்பதே அந்த நெருக்கடிதான்.

ஆனால் அட்வான்ஸ்டு பற்றிப் பேசலாம். ஓப்பன் வாட்டர் முடித்த கையோடு அதைச் செய்ய விதி இடம் தருகிறது. ஐந்து டைவும் பயிற்றுநர் மேற்பார்வையில்தான். புதியவர் தனியாகத் தடுமாறுவதைவிட அது நல்லது இல்லையா? திரும்ப ஒரு முறை அந்தமான் வர எவ்வளவு ஆகும்?

உப்புக்காற்று:
விதி இடம் தருகிறது, சரி. எப்போது விற்கிறார்கள் என்று பாருங்கள். மாஸ்க்கைக் கண் மட்டம் வரை தண்ணீரால் நிரப்பி, மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றும் பயிற்சி இருக்கிறதே, பலர் அங்கேதான் பதறுகிறார்கள். அதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே, 30 மீட்டர் வரை போகும் கோர்ஸையும் சேர்த்து, "இன்று மட்டும் தள்ளுபடி, பணம் திரும்பக் கிடையாது" என்று தலையில் கட்டுவது நேர்மையா? நான்காவது டைவ் முடிந்து மேலே வந்த பிறகு கேட்கட்டும். பிடித்தவர் அவரே கேட்பார்.

கோவை_பாலா:
இரண்டு விஷயம். இ-லேர்னிங்கை நீங்களே ஆன்லைனில் வாங்கிவிட்டால், கடை விலையில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர்கள் உண்டு. அப்புறம், ஊரிலேயே குளப் பயிற்சி முடித்துவிட்டுக் கடல் டைவ் மட்டும் அங்கே செய்வதானால், இரு இடத்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கலாம். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிசிடி, ரெகுலேட்டர் எல்லாம் இப்போது வேண்டாம், யார் கட்டாயம் என்றாலும்.

நித்யா_மதுரை:
இரண்டு கடைக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: எந்தக் கார்டு, எத்தனை டைவ், எல்லாம் சேர்த்து எவ்வளவு, பயிற்றுநர் எண் என்ன, மருத்துவ ஃபார்மை இப்போதே தருவீர்களா? விலை அதிகம் சொன்னவர்கள் அனைத்துக்கும் எழுதிப் பதில் அனுப்பி, ஃபார்மையும் இணைத்துவிட்டார்கள். மற்றவர்கள் "போனில் பேசலாம் மேடம்" என்கிறார்கள்.

டேங்க்_செல்வம்:
போனில் பேசுங்கள், அதையே வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் விடுங்கள். பயிற்றுநர் எண்ணைப் பாடி இணையதளத்தில் போட்டால், அவர் இப்போது கற்பிக்கும் தகுதியில் இருக்கிறாரா என்று தெரியும்.

வீசிங்குக்கு மதுரையிலேயே நுரையீரல் டாக்டரைப் பார்த்து, ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் செயல்திறன் சோதனை) செய்து, அந்த ஃபார்மிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்துங்கள். விமான டிக்கெட்டைக் கடைசி டைவுக்குப் பின் 18 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். அட்வான்ஸ்டு விலையையும் இப்போதே கேட்டு வையுங்கள். உப்புக்காற்று என்ன சொன்னாலும் அதில் என் கருத்து மாறவில்லை.

உப்புக்காற்று:
விலை கேட்கட்டும் அண்ணா, பணம் கட்ட வேண்டாம். அவ்வளவுதான் என் வாதம்.