மறு: ‘சிவியர் தண்டர்ஸ்டார்ம் வார்னிங்’ – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘இடிப்புயல் எச்சரிக்கை’ போதுமே. ஸ்டார்ம் என்றால் புயல்தானே?

ஐயா, இந்தச் சொல்லால் நான் பட்டிருக்கிறேன்; அதனால்தான் மறுக்கிறேன். தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்களின் வாட்சப் குழுவில் வானிலை அறிவிப்புகளைத் தமிழில் போடுவது நான்தான். போன மே மாதம் ஒருநாள் மாலை ‘புயல் எச்சரிக்கை’ என்று போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா மொட்டைமாடியில் வடாம் காயவைத்துவிட்டுக் காவல் இருந்தார். நாகப்பட்டினத்துக்காரர். புயல் என்றால் அவருக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, பெயர் பெற்று, துறைமுகத்தில் கூண்டு ஏற்றியபின் கரைக்கு வருவது. “இங்கே கடலே இல்லையே, அப்படியே வந்தாலும் நாளைக்குத்தானே” என்று உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடத்தில் ஆந்தி, அதாவது வடநாட்டுக் கோடைப் புழுதிச் சூறை, வந்தது. பக்கத்து மாடித் தகரம் பறந்துவந்து தோளைக் கிழித்தது. ஏழு தையல். வானிலைத் துறை சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான் போட்ட சொல்தான் அவரை மாடியிலேயே இருக்க வைத்தது.

> ‘கடும் இடிமழை எச்சரிக்கை’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் ‘மழை வந்தால் இறங்கிக்கொள்ளலாம்’ என்றுதான் புரியும். கோடையில் இங்கே மேகத்துக்குக் கீழே காற்று வறண்டு கிடக்கிறது. விழும் மழைத்துளி பாதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று இறங்கி, தரையில் மோதி, நாற்புறமும் பாய்கிறது. அதனால் முதலில் வருவது புழுதிச் சுவர். மழை பின்னால் வரும், சில நாள் வராமலே போகும். 2022 மே 30 அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் காற்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அன்றைக்கு மரங்களை வேரோடு சாய்த்தது காற்றுதான்.

அமெரிக்க வானிலைச் சேவையின் வரையறையிலும் மழை அளவு கிடையாது. காற்று மணிக்கு 93 கி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது ஆலங்கட்டி ஓர் அங்குலக் குறுக்களவு அல்லது அதற்கு மேல் என்றால்தான் ‘சிவியர்’.

ஆகவே என் பரிந்துரை: இடிசூறை. சூறைக்காற்று எல்லோருக்கும் தெரிந்த சொல். சூறையாடுவது, சூறைத்தேங்காய் என்று, பிடுங்குவதும் சிதறுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ‘கடும்’ என்ற அடைமொழியும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், ஆங்கில அறிவிப்புகளில் வரும் ‘வாட்ச்’, ‘வார்னிங்’ இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதிவிடுகிறோம். முன்னது, வரக்கூடிய சூழல் இருக்கிறது என்று பெரிய பரப்புக்குச் சில மணி நேரம் முன்பே சொல்வது. பின்னது, ரேடாரில் தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே உள்ளே போ என்பது. முன்னதற்குக் ‘கண்காணிப்பு’ என்றால் போலீஸ் வாடை அடிக்கிறது. ‘இடிசூறை விழிப்பு’, ‘இடிசூறை எச்சரிக்கை’ என்று பிரிக்கலாமா?

---

தம்பி,

அப்பா இப்போது நலம்தானே? சொல் நன்று. ஆனால் ‘இடிசூறை’ என்றால் இடியும் சூறையும் என உம்மைத்தொகை ஆகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது இடியோடு கூடிய சூறை, அதனால் நடுவில் ‘ச்’ என்ற வல்லெழுத்து மிகும். இடிச்சூறை என்று எழுதுங்கள்.

---

மும்பையிலிருந்து எழுதுகிறேன். 2024 மே 13 அன்று காட்கோபரில் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தார்களே, அன்றும் முதலில் வந்தது புழுதிதான். ‘மழை’ வேண்டாம் என்பதை ஒப்புகிறேன். ஆனால் ஒரு பயம். அமெரிக்க வரையறையில் மின்னலும் இல்லையே? இடிச்சூறை அறிவிப்பு வராத நாளில் ‘வெறும் இடிமழைதான்’ என்று மக்கள் மரத்தடியில் ஒதுங்கிவிட மாட்டார்களா? ஆளைக் கொல்ல ஒரு மின்னல் போதும்.

---

அம்மா, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நான் அதை யோசிக்கவில்லை. சொல்லை மாற்றாமல், சாதாரண இடிமழை அறிவிப்பின் அடியிலும் இந்த வரிகளைக் கட்டாயம் சேர்க்கிறேன்:

‘இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மாடி, மரத்தடி, தகரக் கொட்டகை வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போங்கள். குழாயையும் கம்பி வழி ஓடும் கருவிகளையும் தொடாதீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வராதீர்கள். மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் இருக்காது. தயங்காமல் தொட்டு முதலுதவி செய்யுங்கள்.’

ஐயா, அப்பா நலம். ‘இடிச்சூறை’ என்றே எழுதுகிறேன். காலையில் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்படிப் போட்டிருந்தால் வடாமை விட்டுவிட்டு இறங்கியிருப்பேன்” என்றார். ‘விழிப்பு’ மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை, “யார் விழிக்க வேண்டும்?” என்று கேட்கிறார். அதற்கு வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.