சண்டைக் காட்சி புரியலைன்னா யாரைத் திட்டணும், கதாசிரியரையா ஓவியரையா?

நிழல்வீரன்:

வணக்கம் நண்பர்களே. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் விமர்சனம் எதை எடுத்தாலும் ரெண்டே தீர்ப்புதான். ஒண்ணு "கதை மொக்கை, ஆர்ட் சூப்பர்", இல்லைன்னா "நல்ல கதையை ஓவியர் கெடுத்துட்டார்". ஆனா ஒரு பக்கத்துல கதாசிரியர், பென்சிலர் (பென்சில்ல வரையறவர்), இங்க்கர் (அது மேல மை போடறவர்), கலரிஸ்ட் (வண்ணம் போடறவர்), லெட்டரர் (வசனத்தை எழுத்துல பதிக்கறவர்), எடிட்டர்னு ஆறு பேர் கை படுது. ஒரு சண்டை தலைகால் புரியலை, ஒரு முகம் கட்டத்துக்குக் கட்டம் மாறுது, கதை இழுக்குது. இதெல்லாம் யார் வேலைன்னு, அச்சான பக்கத்தை மட்டும் கையில வச்சுக்கிட்டு வாசகன் கண்டுபிடிக்க வழி இருக்கா? ரசனை பத்தின சண்டை வேண்டாம். எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒன்பதுகட்டம்:

முக்கால்வாசி கண்டுபிடிக்கலாம்.

முதல் சுற்றில் பலூன் (வசனக் குமிழ்), கேப்ஷன் (கட்டத்துக்குள் வரும் விவரிப்பு வரி) எதையும் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், அடி எந்தத் திசையில் விழுகிறது, யார் கையில் என்ன இருக்கிறது என்பது புரிந்துவிட்டால் ஓவியர் தன் கடமையைச் செய்துவிட்டார், குழப்பம் வசனத்தில் இருக்கிறது. புரியவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் இழை அறுந்தது என்று தேடுங்கள். அநேகமாக, இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்த்து அடித்தவன் அடுத்த கட்டத்தில் காரணமே இல்லாமல் பக்கம் மாறி நிற்பான். அல்லது பக்கம் முழுக்க முகமும் முஷ்டியும் மட்டும் இருக்கும், இடத்தை மொத்தமாகக் காட்டும் கட்டம் ஒன்றுகூட இருக்காது. இரண்டுமே ஓவியர் கணக்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "கதவைத் திறக்கிறான், பிணத்தைப் பார்க்கிறான், துப்பாக்கியை உருவுகிறான்" என்று மூன்று செயலை ஒரே கட்டத்துக்கு எழுதிக் கொடுத்தால் யாராலும் வரைய முடியாது. ஓவியர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், மீதி இரண்டும் கேப்ஷனில் வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தில் நடக்காத செயலைக் கேப்ஷன் சொல்லிக்கொண்டிருந்தால் சந்தேகம் ஸ்கிரிப்ட் மேல்தான் போகணும்.

அடுத்து பலூன். இங்கேதான் பழி அதிகம் இடம் மாறுகிறது. முதலில் பேசுபவர் கட்டத்தில் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் வரைந்துவிட்டால் லெட்டரர் பலூன் வால்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க வேண்டி வரும். அது ஓவியர் தவறு. ஒரே கட்டத்தில் இருவர் ஐந்து முறை மாறி மாறிப் பேசினால் கதாசிரியர் தவறு. மேலே வானம் காலியாகக் கிடக்க, பலூன் போய் முகத்தை மறைத்தால்தான் லெட்டரரைக் கேட்கலாம். டிசி பதிப்பகத்தின் எடிட்டர் மார்ட் வைசிங்கர் வைத்திருந்ததாகக் கதாசிரியர் ஆலன் மூர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு பலூனுக்கு அதிகபட்சம் 25 சொல், ஒரு கட்டத்துக்கு 35, ஆறு கட்டப் பக்கத்துக்கு 210. இன்றைய இதழ்களில் இதற்குக் கீழேதான் இருக்கும். இதைத் தாண்டிய பக்கம் கண்ணுக்குப் பாரமாக இருக்கிறது என்றால் ஓவியரைத் திட்டிப் பயனில்லை.

பழையதாள்:

மேலே சொன்னது முழு ஸ்கிரிப்ட் எழுதி வரைந்த கதைகளுக்குப் பொருந்தும். 'மார்வெல் முறை' கதைகளை இந்த அளவுகோலால் அளந்தால் தப்பான ஆள் மாட்டிக்குவார்.

1960களில் மார்வெல் பதிப்பகத்தில் கதாசிரியர் ஸ்டான் லீ கொடுத்தது ஒரு சின்னக் கதைச்சுருக்கம், சில சமயம் வெறும் வாய்ப்பேச்சு. அதை இருபது பக்கமாகப் பிரித்து, எங்கே வேகம் எங்கே நிதானம் என்று முடிவு செய்து வரைந்தவர் ஓவியர். வசனம் அதற்குப் பிறகுதான் வரும். ஓவியர் ஜாக் கிர்பி பக்க ஓரத்தில் பென்சிலில் குறிப்பு எழுதி அனுப்புவார், அதைப் பார்த்து லீ வசனம் எழுதுவார். சில்வர் சர்ஃபர் என்ற பாத்திரம் 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48ஆம் இதழில் வந்தது அப்படித்தான். பேசி வைத்த கதையில் அந்த ஆளே கிடையாது, கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில் முளைத்தவர். ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்குக் கதையமைப்புக்கான பெயரை ஸ்பைடர்மேன் இதழ்களில் போட ஆரம்பித்தது 1965இல்தான். ஆகவே அந்தக் காலத்து இதழில் "திரைக்கதை பிரமாதம், லீ கலக்கிட்டார்" என்று எழுதும் முன் கொஞ்சம் யோசிக்கணும். அந்த முறைக்கு அடையாளம், படத்தில் பளிச்சென்று தெரிவதையே வசனம் மறுபடி சொல்வது. எட்டுக்கால் ஆசாமி குத்துவது தெரியும், "இதோ என் எட்டாவது கையின் குத்து!" என்று பலூனும் இருக்கும்.

நேர் எதிர் உதாரணம் 'வாட்ச்மென்', 1986-87, மொத்தம் 12 இதழ். மூர் ஒவ்வொரு கட்டத்துக்கும் நீளமாக விவரித்து எழுத, டேவ் கிப்பன்ஸ் ஒன்பது கட்டச் சட்டகத்தில் வரைந்தார். ஐந்தாம் இதழை எடுத்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். பிறகு இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும். கட்ட அமைப்பு கண்ணாடிப் பிம்பம் மாதிரி நடு இரட்டைப் பக்கம் வரை பொருந்திக்கொண்டே போகும். இதைக் கதாசிரியர் ஒருவராலோ ஓவியர் ஒருவராலோ தனியாகச் செய்ய முடியாது.

வசனமும் படமும் சேரும் இடத்தில் எவ்வளவு சின்ன விஷயம் வாசகர்களைக் கொந்தளிக்க வைக்கும் என்பதற்கு 1973இன் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121. ஜெர்ரி கான்வே எழுதி, கில் கேன் வரைந்தது. பாலத்திலிருந்து விழும் க்வென் ஸ்டேசியின் (ஸ்பைடர்மேனின் காதலி) காலை அவன் வலை பிடிக்கிறது. படம் அவ்வளவுதான். கழுத்தருகே பொடி எழுத்தில் 'ஸ்நாப்' என்று ஒரு ஒலிக்குறி. அதை மறைத்துவிட்டுப் பாருங்கள், வில்லன்தான் கொன்றான் என்று தோன்றும். அதோடு பார்த்தால் காப்பாற்றப் போனவனே காரணம். கடிதங்கள் குவிந்து, 125ஆம் இதழ் வாசகர் பகுதியில் வலை சட்டென்று நிறுத்திய வேகத்தில்தான் கழுத்து முறிந்தது என்று விளக்கம் கொடுத்தார்கள்.

கறுப்புமை:

இங்க்கரை எல்லாரும் மறந்துடறீங்க. "முகம் மாறுது"ங்கற புகார்ல பாதி அங்கேதான் கிடக்கு.

மாத இதழ்னா 20லேர்ந்து 22 பக்கம். பென்சிலர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு வச்சுக்கிட்டாலே மாசம் ஓடிரும். தாமதமானா எடிட்டர் மீதிப் பக்கத்தைக் கிடைச்ச இங்க்கர்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுவார். அதனால முதல் பக்கத்துல பெயர்களைப் பாருங்க. ஒரே இதழுக்கு மூணு இங்க்கர் இருந்தா அது கடைசி நேர ஓட்டம்னு எடுத்துக்கலாம். நடுப்பக்கத்துக்கு மேல பின்னணி காணாமப் போகும், வெறும் வண்ணத் தீற்றல்தான் இருக்கும். தூரத்து ஆட்கள் நிழல் உருவமாயிடுவாங்க. முழுப்பக்கப் படம் அதிகமாகும். ஒரே முகத்தைப் பெருசு பண்ணி அடுத்த கட்டத்துலயும் ஒட்டியிருப்பாங்க. இதுல எதுவும் பென்சிலருக்கு வரையத் தெரியலைங்கறதுக்கு ஆதாரம் இல்லை.

'தோர்' தொடர்ல கிர்பி பென்சில்ல போட்ட கட்டடம், கூட்டம் எல்லாத்தையும் வின்ஸ் கொலெட்டா ரப்பர் வச்சு அழிச்சுட்டு மை போட்ட கதை ரசிகர்களுக்குத் தெரியும். அதே கிர்பி பென்சில் மேல ஜோ சின்னாட் மை போட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பக்கத்தைப் பக்கத்துல வச்சா ஓவியரே வேற ஆள்னு தோணும். கொலெட்டா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அச்சுக்குப் போக வேண்டிய தேதி நெருங்கினா எடிட்டர்கள் ஓடினது அவர்கிட்டதான்.

இன்னும் மோசம், எடிட்டரே மாத்த வைக்கறது. 1970ல கிர்பி டிசிக்குப் போய் சூப்பர்மேனோட நண்பன் ஜிம்மி ஆல்சன் தொடரை வரைஞ்சப்ப, சூப்பர்மேன் முகத்தை மட்டும் முதல்ல ஆல் பிளாஸ்டினோவும் அப்புறம் மர்ஃபி ஆண்டர்சனும் திருத்தி வரைஞ்சாங்க. உடம்பு ஒருத்தர், தலை இன்னொருத்தர். பார்த்தாலே ஒட்டாம நிக்கும்.

இன்னொண்ணு: மூல ஓவியம் 11க்கு 17 அங்குல அட்டையில போடறது, அச்சுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கா சுருங்கும். ரொம்ப மெல்லிசுக் கோடு அங்க அழகா இருந்து இங்க காணாமப் போகும், நெருக்கமான கோடுகள் சேர்ந்து கறுப்புக் கட்டியாயிடும். ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பார்த்து ஓவியரைப் பாராட்டறவங்களும் புத்தகத்தைப் பார்த்துத் திட்டறவங்களும் சண்டை போட்டுக்கறது இதனாலதான்.

மாதவாசகி:

"கதை இழுக்குது" பற்றி யாரும் தொடவில்லை. 1962இல் 'அமேசிங் ஃபேன்டஸி' 15இல் ஸ்பைடர்மேனின் தோற்றம் 11 பக்கத்தில் முடிந்தது. 2000இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடங்கியபோது முதல் கதைக்கே ஏழு இதழ் எடுத்தார்கள். தொகுப்பாக ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு அத்தை, மாமா, பள்ளிக்கூடம் எல்லாம் ஊறி வந்தது. மாதாமாதம் 22 பக்கமாக வாங்கியவர்களில் பலருக்குப் பொறுமை போனது. ஒரே கதைதான், படித்த முறை வேறு. எனவே விமர்சனத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

மெதுவாகப் போவது குற்றமில்லை. இதழின் முதல் பக்கத்தில் இருந்த நிலைமையையும் கடைசிப் பக்கத்து நிலைமையையும் ஒப்பிடுங்கள். யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவரவில்லை, எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்றால் அது கதாசிரியர் நீட்டியது. நிலைமை மாறியிருந்தும் இழுப்பதுபோல் தோன்றினால் கட்டப் பிரிப்பைப் பாருங்கள். காபிக் கோப்பையை எடுத்து வைக்க நான்கு கட்டம் கொடுத்திருப்பார்கள்.

விற்பனையைத் தரத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். 1991இன் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சத்துக்கு மேல் விற்றது, கிறிஸ் கிளேர்மாண்ட் எழுத்து, ஜிம் லீ ஓவியம். ஒரே இதழுக்கு ஐந்து வெவ்வேறு அட்டை. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார், கடைக்காரர்கள் திருப்பித் தர முடியாத நிபந்தனையில் கட்டுக்கட்டாக எடுத்தார்கள். அந்த எண்ணை வைத்துப் பக்கத்தின் தரத்தைச் சொல்ல முடியாது.

வாசகர் வாக்கும் அப்படித்தான். 1988இல் பேட்மேனின் துணைவனான இரண்டாவது ராபின் ஜேசன் டாட் பிழைக்கலாமா சாகலாமா என்று டிசி தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தது. சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். இதை "ரசிகர்களின் தீர்ப்பு" என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நாய்க்கட்டம்:

எல்லாம் சரி, ஆனா பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா சில இதழ் கையில நிக்காது. 2013ல வந்த 'ஹாக்ஐ' 11. மேட் ஃப்ராக்ஷன் எழுத்து, டேவிட் ஆஹா ஓவியம். மொத்தக் கதையும் ஒரு நாயோட பார்வை. வாசனையெல்லாம் சின்னச் சின்னக் குறிப்படமா, வரைபடம் மாதிரி கோடு போட்டு இணைச்சிருக்கும். மனுஷங்க பேசற பலூன்ல நாய்க்குப் புரியற சொல் மட்டும் தெளிவா இருக்கும், மத்தது கிறுக்கல். இதுல எழுத்து எது, ஓவியம் எது, லெட்டரிங் எதுன்னு கத்தி வச்சு வெட்டுங்க பார்ப்போம்.

நிழல்வீரன்:

அருமை. பெயர் பட்டியலை இவ்வளவு கவனமா பார்க்கணும்னு தோணினதே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வண்ணத்தை யாரும் விரிவா சொல்லலை. மறுபதிப்புல பழைய கதைகள் கண்ணைக் கூசுது, பேட்மேன் கதை 'தி கில்லிங் ஜோக்' ரெண்டு விதமான வண்ணத்துல வருது. எது சரி?

பழையதாள்:

கூசுவதற்குக் காரணம் காகிதம். அந்தக் காலத்து இதழ்களில் சயான், மெஜெந்தா, மஞ்சள் மூன்றையும் 0, 25, 50, 100 சதவீதப் புள்ளிகளாகக் கலந்தார்கள், மொத்தம் 64 நிறம்தான். சொரசொரப்பான நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும், தாளே பழுப்பு, ஆகவே கலரிஸ்ட் கொஞ்சம் தூக்கலாகவே நிறம் கொடுத்தார். அதே சதவீதங்களை வழுவழுப்பான வெள்ளைத் தாளில் போட்டால் அலறத்தான் செய்யும். மங்கலான தாளில் அச்சிட்ட மறுபதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள்.

'கில்லிங் ஜோக்' சமாச்சாரம் வேறு. 1988இல் ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் போட்டார், ஊதா, ஆரஞ்சு, பச்சை என்று திருவிழா மாதிரி. 2008 பதிப்புக்கு ஓவியர் பிரையன் பொல்லண்டே எல்லாவற்றையும் மாற்றினார். ஜோக்கரின் பழைய நினைவுக் காட்சிகள் ஏறக்குறைய கறுப்பு வெள்ளை, அதில் ஒன்றிரண்டு பொருள் மட்டும் இளஞ்சிவப்பு, சிவப்பு. போகப் போக அந்தச் சிவப்பு ஏறி, கடைசியில் அவன் அணியும் சிவப்பு முகமூடியில் வந்து நிற்கும். பேட்மேன் மார்பிலிருந்த மஞ்சள் நீள்வட்டத்தையும் எடுத்துவிட்டார். கதையின் கட்டமைப்பு புதியதில் தெளிவாகத் தெரியும். ஜோக்கர் தலைக்குள் என்ன ஓடுகிறது என்ற கிறுக்கு பழையதில்தான் இருக்கிறது, என் ஓட்டு அதற்கே. வாங்கும்போது பெயர்கள் போட்ட பக்கத்தைத் திருப்புங்கள்: வண்ணம் என்ற இடத்தில் ஹிக்கின்ஸ் இருந்தால் பழசு, பொல்லண்ட் இருந்தால் புதுசு.