வீட்டிலேயே காருக்கு வண்ணம் பூசுதல்: சிறிய கம்ப்ரசர் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 14 ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் வெள்ளி நிற மெட்டாலிக் காரின் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் (வண்ணத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சு) வெயிலில் காய்ந்து, தோல் உரிவதைப் போலத் திட்டுத் திட்டாக உரிந்து வருகிறது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் கட்டைவிரல் அகலத்துக்குத் துருவும் கொப்பளித்திருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுவதால் வண்டியை விட்டுவிட மனமில்லை. 24 லிட்டர் தொட்டி உள்ள சிறிய கம்ப்ரசர் ஒன்றும், 1.4 மி.மீ. முனை கொண்ட எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்பிரே கன் ஒன்றும், இரண்டு பக்கமும் திறக்கக்கூடிய ஷெட்டும் என்னிடம் இருக்கின்றன. இரும்புக் கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் பெயிண்ட் அடித்த பழக்கம் உண்டு. காரில் கை வைத்ததில்லை. இந்தக் கருவிகளைக் கொண்டு வண்டி முழுவதற்கும் நானே வண்ணம் பூச இயலுமா? உரிந்த இடங்களில் மட்டும் கிளியர் அடித்தால் போதுமா?

முதல் பதில்

வணக்கம் நண்பரே. உரிந்த இடத்தில் மட்டும் கிளியர் அடிப்பது வீண் வேலை. பழைய கிளியரின் விளிம்பு ஏற்கெனவே பிடிப்பை இழந்திருப்பதால், புதிய பூச்சின் ஓரம் அதன் மேல் உட்கார்ந்து, அடுத்த கோடைக்குள் இரண்டும் சேர்ந்தே தூக்கிக்கொள்ளும். கூரை, பானெட் இரண்டிலும் விளிம்பு முதல் விளிம்பு வரை கிளியர் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் உறுதியாக இருக்கும் பழைய வண்ணத்தையும் பிரைமரையும் மட்டும் விட்டுவையுங்கள். உலர்ந்த 320 எண் உப்புத்தாளில் தொடங்கலாம். உரிந்த பகுதிக்கும் உரியாத பகுதிக்கும் இடையே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேனும் தட்டினால் அந்தப் படி பெயிண்டுக்கு அடியிலும் அப்படியே தெரியும். நகம் தட்டாமல் வழுக்கிச் செல்லும் வரை தேய்க்க வேண்டும்.

துருவைப் பொறுத்தவரை, கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு மேலே பட்டி வைப்பது பயன் தராது. 80 எண் தாளால் பளபளக்கும் தகடு தெரியும் வரை தேய்த்து, குழிகளில் கறுப்பாக ஒட்டியிருக்கும் துருவையும் எடுத்து, ஊசியால் குத்திப் பார்த்து, தகடு ஓட்டையாகியிருந்தால் வெல்டிங்குக்குத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை இல்லையெனில் எப்பாக்சி பிரைமர் அடித்து, அது இறுகிய பின் பட்டி வையுங்கள். பட்டி வைத்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பல மாதங்கள் கழித்துக் கொப்புளமாகக் கக்கும்.

பிரைமர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டை மிக மெல்லிதாகத் தூவிவிட்டு, கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பள்ளங்களில் கறுப்பு அப்படியே தங்கும், மேடுகளில் முதலில் மறையும். கண்ணுக்குத் தெரியாத நெளிவுகளை எல்லாம் இது காட்டிக்கொடுத்துவிடும். இறுதியாக 600 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து முடிக்க வேண்டும். மொத்த உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். கன்னைக் கையில் எடுப்பது கடைசியில் வரும் சில மணி நேர வேலைதான்.

இரண்டாம் பதில்

மேலே உள்ளவை அனைத்தும் சரி. நான் கம்ப்ரசரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் திட்டம் தடுமாறப்போவது அங்கேதான். எச்.வி.எல்.பி. கன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று கேட்கும்; 24 லிட்டர் கம்ப்ரசர் அதில் பாதியைக் கொடுப்பதே அரிது. கூரையின் பாதி வரை பெயிண்ட் விசிறி போல விரிந்து அழகாக விழும், பிறகு அழுத்தம் இறங்கி, பெயிண்ட் தூளாகாமல் துளித்துளியாகத் தெறிக்கும். குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. கன்னை வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுவதையும் ஒரே மூச்சில் அடிக்க உங்கள் கம்ப்ரசரால் ஆகாது.

கம்ப்ரசர் சூடான காற்றைத் தள்ளுகிறது. குழாயில் அது குளிரும்போதுதான் நீர் பிரியும். ஆகவே ஈரம் பிடிக்கும் வடிகட்டியைத் தொட்டியின் வாயிலேயே மாட்டாமல், சில மீட்டர் குழாய் தாண்டி மாட்டுங்கள். வேலை தொடங்கும் முன் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

கன்னைத் தகட்டிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி செல்ல வேண்டும். மெட்டாலிக்கில் இது இன்னும் முக்கியம். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் ஈரம் மிகுந்த இடத்தில் அமிழ்ந்து கருத்தும், ஈரம் குறைந்த இடத்தில் மேலே படிந்து வெளுத்தும் தெரியும். கோடு கோடாக விழும் வேறுபாட்டுக்குக் காரணம் இதுவே. இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மினுமினுப்பு அடங்கி மங்கும் வரை காத்திருப்பு, முடிவில் சற்றே தள்ளி நின்று தூவும் ஒரு பூச்சு என்று அடித்தால் நிறம் சமமாகும். முதலில் பழைய தகடு ஒன்றில் அடித்து, பகல் வெளிச்சத்தில் வண்டியின் கதவருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் பதில்

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சில் போனால் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். தின்னரைப் போல அது மணத்தால் எச்சரிப்பதில்லை. ஆகையால் முகமூடியின் கார்ட்ரிஜ் (ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) தீர்ந்துபோனதும் உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் ஷெட்டில் அதை அடிக்கவே கூடாது. 2கே என்று எழுதிய ஸ்பிரே கேன்களுக்கும், ஹார்ட்னர் கலக்கும் பல பிரைமர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை அடித்துக்கொண்டிருந்த ஒருவருடன் நான் பணியாற்றியிருக்கிறேன். இன்று அவர் பெயிண்ட் கடையின் வாசலில்கூட நிற்க முடியாமல் இருக்கிறார்.

தேய்ப்பது, ஐசோசயனேட் இல்லாத பிரைமர், ஹார்ட்னர் இல்லாத அடி வண்ணம் ஆகியவற்றை வீட்டில் முடித்துக்கொண்டு, கிளியரை மட்டும் உரிய வசதி உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். அடி வண்ணம் காய்ந்து இறுகுவதற்குள் கிளியர் விழ வேண்டும். அந்த அவகாசம் டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எனவே பட்டறையில் முன்கூட்டியே பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அடி வண்ணத்திலும் தின்னர் ஆவி உண்டு என்பதால் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கையுறையும் அவசியம். நெருப்பும் தீப்பொறி தெறிக்கும் மின்விசிறியும் அருகில் இருக்கக் கூடாது, கம்ப்ரசர் ஷெட்டுக்கு வெளியே இருக்கட்டும். தூசி எழாமலிருக்கத் தரையை நனைப்பவர்கள் மின்கம்பிகளை முதலில் உயரத்தில் கட்டிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கிளியரைப் பட்டறையிடமே விட்டுவிட்டேன்; நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் துணியைக் கட்டிக்கொண்டு அடித்திருப்பேன். பானெட்டைக் கழற்றித் தேய்த்து, எல்.வி.எல்.பி. கன்னால் அடி வண்ணத்தின் முதல் பூச்சை இன்று அடித்தேன். முன்பகுதியில் மட்டும் மீன்கண் போன்ற சிறு வட்டக் குழிகள் பத்துப் பதினைந்து விழுந்தன. பெயிண்ட் அங்கே ஒதுங்கி நிற்கிறது, குழியின் நடுவில் பிரைமர் தெரிகிறது. காற்றை வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்ததில் எண்ணெயோ நீரோ படவில்லை.

முதல் பதில் தந்தவர்

காற்று சுத்தமாக இருப்பதால் குழிகளுக்குக் காரணம் பெரும்பாலும் சிலிக்கோன்தான். டேஷ்போர்டுக்கும் டயருக்கும் பூசும் பளபளப்புத் திரவங்களில் அது இருக்கும். ஷெட்டில் எப்போதோ பயன்படுத்திய துணியிலிருந்துகூட ஒட்டியிருக்கலாம். மேலும் பெயிண்டைக் கொட்டிக் குழியை நிரப்ப முயலாதீர்கள், வட்டம் பெரிதாகுமே தவிர மூடாது. நன்றாகக் காயவிட்டு, முதலில் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடையுங்கள், அதன் பிறகே தேயுங்கள். துடைக்காமல் தேய்த்தால் சிலிக்கோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. திரவம் ஆவியாகும் முன்பே உலர்ந்த துணி பின்தொடர வேண்டும், இல்லையெனில் அழுக்கு இடம் மாறுமே ஒழிய நீங்காது. பிரைமர் தெரிந்த இடங்களை 600 எண் தாளால் சமன் செய்து, மறுபடி துடைத்து, அங்கே மட்டும் மெல்லிய தூவலாக இரண்டு முறை அடித்து மங்கவிட்ட பிறகு முழுப் பூச்சுக்குச் செல்லுங்கள். கூரைக்குப் போகும் முன் துணிகள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்.