புதிய டக்கில் (கப்பல்களை இழுக்கும் படகில்) முன்பக்க வடம் வாங்கும்போது தடுமாற்றம்: கட்டுமானக் குறையா?

எண்ணூர்வாசி:
வணக்கம். சுக்கான் வைத்த பழைய டக்கை 12 ஆண்டுகள் ஓட்டிய நான், இரண்டு மாதங்களாகப் புதிதாகக் கட்டிய டக்கில் மாஸ்டராக (கேப்டனாக) இருக்கிறேன். பின்பகுதியில் முழு வட்டமும் சுழலும் இரண்டு உந்திகள், 60 டன் இழுவிசை. துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் அணியத்துக்கு (முன்முனைக்கு) நேராக நம் அணியத்தை வைத்து, பின்னோக்கி ஓடிக்கொண்டே, கப்பலுடன் இணைக்க வடம் வாங்கும்போது, கப்பல் 7 நாட் (மணிக்கு சுமார் 13 கி.மீ.) வேகத்தில் வந்தால் டக் சொன்னபடி கேட்பதில்லை. கைப்பிடியைச் சற்றுத் திருப்பினாலே பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. கட்டுமானத்தில் குறையா, என் பழக்கத்தில் குறையா?

ராயபுரம் பழைய மாஸ்டர்:
தம்பி, முதலில் வேகத்தைப் பாருங்கள். 7 நாட்டில் பின்னோக்கி ஓடும்போது இயந்திர வலுவில் பெரும்பகுதி கப்பலுக்கு முன்னால் நிற்பதற்கே செலவாகிறது. விலகினால் திருத்திக்கொள்ள மிஞ்சுவது கொஞ்சம்தான். போதாததற்கு, பெரிய கப்பலின் அணியத்தைச் சுற்றியுள்ள நீரழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 5 நாட்டில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு 7 நாட்டில் உங்களைத் தள்ளும். 2010-இல் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து அருகே, கடுங்காற்றில் ஒரு பெரிய ஃபெர்ரியின் முன்புறம் வடம் இணைக்கப்போன ஃபேர்பிளே 22 என்ற டக் கவிழ்ந்து இருவர் இறந்தனர். நான் 6 நாட்டுக்கு மேல் வடம் வாங்கியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அலையேற்றம் இருந்தால் 5. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மரைன் இன்ஜினியர்:
ஐயா சொன்னது சரி. நான் கேட்க விரும்புவது, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் அவசர விடுவிப்பைப் பற்றி. 2020 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாட்டுச் சங்க (கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளின்) விதிப்படி, பொத்தானை அழுத்திய 3 வினாடிக்குள் வடம் விடுபட வேண்டும், கப்பலில் மின்சாரம் அற்றுப்போனாலும் விடுபட வேண்டும். 2007-இல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில், மூடுபனியில் வடம் பக்கவாட்டில் இழுத்ததால் ஃபிளையிங் ஃபேன்டம் என்ற டக் கவிழ்ந்து, அதிலிருந்த நால்வரில் மூவர் இறந்தனர். விடுவிப்பை இயக்கியும் வடம் உரிய நேரத்தில் விலகவில்லை. உங்கள் டக்கை ஒப்படைத்தபோது எப்படிச் சோதித்தார்கள்? டக் சாய்ந்தால் நீர் புகாமலிருக்க, வடம் இணைக்கும் முன் இயந்திர அறைக் கதவை மூடுகிறீர்களா?

எண்ணூர்வாசி:
இருவருக்கும் நன்றி. தளர்ந்த வடத்தில் ஒரு முறை பொத்தானை அழுத்திக் காட்டினார்கள், அவ்வளவுதான். இந்த வாரம் துறையில் கட்டி, வடத்தில் இழுவிசை ஏற்றி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நேரம் குறித்துப் பார்க்கிறோம். கதவு விஷயத்தில் தலைகுனிகிறேன்; வெக்கைக்காகத் திறந்தே வைத்திருந்தோம்.